விழப்போகிற பல்தானே?

பால் பல் சொத்தையைப் பெரியவர்கள் பொருட்படுத்துவதில்லை. இரவெல்லாம் அழுவது குழந்தை. பல் டாக்டரின் நாற்காலியைக் கண்டு அலறுவதும் அதே குழந்தைதான். இரண்டையும் தவிர்க்க முடியும்.

காலை ஒன்பது மணி. தில்லியில் அரசுப் பல் மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவு. சுவரில் கரடியும் முயலும் பல் துலக்கும் படங்கள். பெஞ்சுகளில் இடமில்லை. தரையில் துண்டு விரித்துச் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே எந்த நாள் வந்தாலும் காணக்கூடிய குடும்பம் ஒன்று: இடது கன்னம் வீங்கிய நான்கு வயதுச் சிறுமி, இரவு முழுக்கத் தூங்காத தாய், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தந்தை, தாயின் மடியில் பத்து மாதக் கைக்குழந்தை.

சிறுமி மாதக்கணக்கில் வலது பக்கமாகவே மென்று வந்திருக்கிறாள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்தால்தான் சாப்பிடுவாள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் முகம் சுளிப்பாள். வீட்டில் யாருக்கும் இது தெரியாமல் இல்லை. "தூத் கா தாந்த் ஹை, கிர் ஜாயேகா" (பால் பல்தானே, விழுந்துவிடும்) என்று பாட்டி சொன்னாள், அண்டை வீட்டார் சொன்னார்கள், தெருமுனை மருந்துக் கடைக்காரரும் சொன்னார். மருந்துக் கடைக்காரர் கொடுத்த சிரப்பில் வீக்கம் இருமுறை வடிந்தது. மூன்றாவது முறை வடியவில்லை.

தில்லிக்கு மட்டும் உரிய கதை அல்ல இது. இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2002-03-இல் நாடு தழுவி நடத்திய ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது தெரியவந்தது. அதாவது, பள்ளியில் காலடி எடுத்து வைக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர். பன்னிரண்டு வயதில் அது 53.8 சதவீதம், பதினைந்தில் 63.1 சதவீதம். இவற்றில் பெரும்பாலான பற்களுக்கு எந்தச் சிகிச்சையும் நடப்பதில்லை. அவை வலித்து, சீழ் வைத்து, உடைந்து, தாமாகவே விழுகின்றன.

புழுவும் பூச்சியும்

இந்திய மொழிகள் பல விஷயங்களில் சண்டை போட்டுக்கொண்டாலும் சொத்தைப் பல் விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கின்றன. இந்திக்காரர் பல்லில் 'கீடா' விழுந்துவிட்டது என்பார். மராத்தியில் 'கீட்'. வங்காளத்தில் 'போகா'. கன்னடத்தில் 'ஹுளுகு ஹல்லு', மலையாளத்தில் 'புழுப்பல்லு', தமிழில் 'பூச்சிப்பல்'. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: பல்லுக்குள் புழு புகுந்து குடைகிறது.

வங்காளத்து கிராமங்களில் இந்தப் புழுவை 'எடுத்து'க் காட்டுவதைத் தொழிலாகவே செய்யும் நாடோடிகள் உண்டு. தமிழ்நாட்டில் கண்டங்கத்தரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொல்லும் பழக்கம் இருந்தது. ஐரோப்பாவும் விதிவிலக்கல்ல. நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பிரான்சு நாட்டு பியர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட தம் நூலில் புழுக் கதையை நிராகரித்த பிறகும் அங்கே அது நெடுங்காலம் உயிரோடு இருந்தது.

புழு இல்லை. இருப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ம்யூட்டன்ஸ். சர்க்கரையோ மாவுப்பண்டமோ வாய்க்குள் போனால் இவை அதை உண்டு அமிலத்தைக் கக்குகின்றன. அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கிறது. சுமார் அரைமணி நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, போன தாதுவில் கொஞ்சத்தைத் திருப்பி வைக்கிறது. உரித்தலும் ஒட்டலும் நாள் முழுவதும் நடக்கும் வேலை. குழந்தை மணிக்கொரு பிஸ்கட்டோ மிட்டாயோ கொறித்துக்கொண்டிருந்தால் உமிழ்நீருக்கு நேரமே கிடைக்காது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருந்தது என்பதே முக்கியம்.

இதை உலகுக்கு நிரூபித்தது ஸ்வீடனின் விப்பஹோல்ம் மருத்துவமனையில் 1940களில் தொடங்கிய ஆய்வு. மனவளர்ச்சி குன்றியவர்களுக்குப் பல்லில் ஒட்டும் டாஃபியை வேண்டுமென்றே தின்னக் கொடுத்து, சொத்தை வளர்வதைக் கணக்கெடுத்தார்கள். மறுக்கவும் தெரியாதவர்களைச் சோதனைப் பொருளாக்கிய அந்த அநியாயத்தை மருத்துவ உலகம் பிறகு வெட்கத்தோடு நினைவுகூர்ந்தது. ஆனால் உணவுக்கு இடையே ஒட்டும் இனிப்பு கொடுப்பதே மிகப் பெரிய கேடு என்ற முடிவு இன்றும் நிற்கிறது.

வெல்லம், தேன், பனங்கற்கண்டு எல்லாம் 'இயற்கை' என்பதால் பல்லுக்கு நல்லவை என்று நினைக்கும் தாய்மார்கள் உண்டு. பாக்டீரியாக்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உப்பு பிஸ்கட்டும் சிப்ஸும்கூட மாவாகிப் பல்லிடுக்கில் ஒட்டி நிற்பவைதான்.

பால் புட்டியின் கையெழுத்து

குழந்தைப் பல் மருத்துவர் வாயைத் திறந்து பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு வகைச் சொத்தை உண்டு. மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து, அரித்து, குச்சி குச்சியாக நிற்கும். கீழ் முன்பற்கள் பளிச்சென்று இருக்கும். இது பால் புட்டியோடு தூங்கிய குழந்தை. புட்டியின் ரப்பர் வாயில் இருக்கும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. இனிப்பான பால் மேல்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைவு என்பதால் கழுவிவிட ஆளில்லை.

பால் புட்டிகளுக்கு விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆனால் புட்டி போகவில்லை. வேலைக்குப் போகும் தாய்க்கும், ஓர் அறை வீட்டில் குழந்தை அழுதால் பக்கத்து வீட்டுக்காரரின் கோபத்துக்கு ஆளாகும் தாய்க்கும் இரவு இரண்டு மணிக்கு அது எளிய வழி. இதற்காகத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மருத்துவமனைகளில் சர்வசாதாரணம். அதனால் யாருக்கும் பலனில்லை என்பதோடு, திட்டு வாங்கிய தாய் அடுத்த முறை வருவதும் இல்லை.

புட்டியை ஒரே நாளில் பிடுங்கத் தேவையில்லை. முதலில் பாலில் சர்க்கரையைக் குறைக்கலாம். பிறகு பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் தூங்கும்போது கொடுக்கும் புட்டியில் வெறும் தண்ணீராக்கிவிடலாம். ஒரு வயதை ஒட்டி டம்ளருக்கு மாற்றுவது நல்லது. முதல் பல் வந்த பிறகு இரவுப் பாலுக்குப் பின் ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிட வேண்டும். அடிக்கடி இருமலுக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் சிரப்புகளும் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. மருந்து கொடுத்த பின் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் போதும்.

ஒரு கறுப்புப் புள்ளி தெரியும் வரை காத்திருப்பது தாமதம். சொத்தையின் முதல் அடையாளம் வெள்ளை. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவியதுபோல மங்கலான கோடு தெரியும். இந்தக் கட்டத்தில் அதைத் திருப்பிவிட முடியும். துளையான பின் முடியாது. மாதம் ஒருமுறை குழந்தையை வெளிச்சத்தில் மடியில் படுக்கவைத்து உதட்டைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. தில்லி மருத்துவமனையில் தாயின் மடியில் இருக்கும் பத்து மாதக் குழந்தையின் உதட்டையும் டாக்டர் தூக்கிப் பார்க்கிறார். கீழே இரண்டு பல், மேலே இரண்டு பல். எல்லாம் சுத்தம். அக்காவுக்காக வந்த இடத்தில் தம்பிக்கும் லாபம்.

விழப்போகிற பல்லுக்கு ஏன் இவ்வளவு?

பால் பற்கள் இருபது. ஆறு மாத வாக்கில் கீழ் முன்பற்கள் தொடங்கி, மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுகின்றன. ஆனால் மெல்லுவதற்குப் பயன்படும் பால் கடைவாய்ப் பற்கள் விழப் பத்து முதல் பன்னிரண்டு வயதாகும். நான்கு வயதில் சொத்தையான கடைவாய்ப் பல் 'விழட்டும்' என்று விட்டால், குழந்தை ஆறேழு ஆண்டுகள் அதோடு காலம் தள்ள வேண்டும்.

பால் பல்லின் எனாமல் மெல்லியது. உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ் அறை பெரியது. எனவே சொத்தை பெரியவர்களைவிட வேகமாக நரம்பை எட்டிவிடுகிறது. வலி இரவில் கூடுவதற்குக் காரணம், படுக்கும்போது தலைக்குப் போகும் ரத்தம் வீங்கிய நரம்பை மேலும் அழுத்துவது. தூக்கம் கெட்ட குழந்தை பகலில் எரிச்சல்படுகிறது, சாப்பிட மறுக்கிறது, எடை ஏறாமல் நிற்கிறது. பல காரணங்கள் தேடி டானிக் வாங்கும் பெற்றோர் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. சிறு குழந்தைக்கு 'பல் வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாக மெல்லுவதும், உணவைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வதும், பிடித்த கடலையை வேண்டாம் என்பதும்தான் அதன் மொழி.

பால் பல்லின் வேருக்கு அடியில்தான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் நீண்ட நாள் நின்றால் கீழே வளரும் பல்லின் எனாமல் பழுதாகி, பழுப்புத் தழும்போடு முளைக்கலாம். கடைவாய்ப் பல்லைக் காலத்துக்கு முன்பே பிடுங்கினால் பின்னால் உள்ள பல் முன்னே சாய்ந்து இடத்தை அடைத்துவிடும். வரவேண்டிய பல் கோணலாக வரும். இதைத் தடுக்க 'ஸ்பேஸ் மெயின்டெய்னர்' என்ற கம்பி வளையத்தைப் பொருத்துகிறார்கள்.

பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத இன்னொன்று: ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை என்பதால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான். அதன் மேல்பள்ளங்களை 'சீலன்ட்' என்னும் பூச்சால் அடைத்துவிட்டால் பல ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு. வலியில்லாத, ஊசியில்லாத வேலை.

அரிசியளவு, பட்டாணியளவு

விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பற்பசை இருக்கும். அது பற்பசையை விற்கும் அளவு. மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். அதில் ஃப்ளோரைடு இருக்க வேண்டும். அரிக்கத் தொடங்கிய எனாமலுக்கு உரம் சேர்ப்பது ஃப்ளோரைடு. இந்தியாவில் பற்பசையில் 1000 பிபிஎம் வரை ஃப்ளோரைடு அனுமதிக்கப்படுகிறது. குழந்தைகளுக்கென்றே கார்ட்டூன் படத்தோடு விற்கும் பற்பசைகள் சிலவற்றில் அது குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

ஃப்ளோரைடு என்றதும் தெலங்கானாவின் நல்கொண்டாவைச் சுட்டிக்காட்டுபவர்கள் உண்டு. அங்கும் ராஜஸ்தானின் பல பகுதிகளிலும் நிலத்தடி நீரில் மிதமிஞ்சிய ஃப்ளோரைடு தலைமுறைகளின் பற்களையும் எலும்புகளையும் முடக்கியது உண்மை. அப்படிப்பட்ட பகுதிகளில் வசிப்பவர்கள் டாக்டரைக் கேட்டே பற்பசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் குடிநீரில் நாள்தோறும் உள்ளே போவதும், அரிசியளவு பசையால் துலக்கித் துப்புவதும் ஒன்றல்ல.

துலக்குவது யார் என்பது அடுத்த கேள்வி. ஏழெட்டு வயது வரை பெரியவர்தான். மூன்று வயதுப் பிள்ளை தானே துலக்க அடம்பிடித்தால் விடலாம். பிறகு அம்மாவோ அப்பாவோ ஒரு 'ரவுண்டு' போட வேண்டும். குழந்தையின் பின்னால் நின்று, தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டால் எல்லாப் பல்லும் தெரியும். இரவுத் துலக்கல்தான் முக்கியம். நம் நாட்டில் காலையில் துலக்காதவரை ஏளனம் செய்வோம். இரவில் துலக்குபவரைப் பார்த்து வியப்போம்.

பயம் எங்கே தொடங்குகிறது

"சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்." இந்த மிரட்டல் இல்லாத இந்திய வீடு அபூர்வம். அதே பெற்றோர் அதே குழந்தையை அதே டாக்டரிடம் அழைத்துப்போய், "பயப்படாதே, ஊசியே போடமாட்டார், கொஞ்சமும் வலிக்காது" என்கிறார்கள். வலி என்ற வார்த்தையையே அதுவரை நினைக்காத குழந்தை அந்த நிமிடம் முதல் அதைத்தான் நினைக்கிறது. பிறகு ஊசி போட நேர்ந்தால் பெற்றோர், டாக்டர் இருவர் மீதும் நம்பிக்கை போகிறது.

குழந்தைப் பல் மருத்துவத்தில் 1959 முதல் அறியப்பட்ட ஒரு முறை இருக்கிறது: சொல், காட்டு, செய். புதிதாக எதைச் செய்யும் முன்பும் குழந்தைக்குப் புரியும் சொல்லில் சொல்வது, அதைக் கையில் தொட்டுக் காட்டுவது, சொன்னதை மட்டும் செய்வது. தில்லி மருத்துவமனையில் டாக்டர் சிறுமியை நாற்காலியில் சாய்க்கவில்லை. முதலில் நாற்காலியில் மேலும் கீழுமாக ஒரு சவாரி. பிறகு குட்டிக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்து அவள் அம்மாவின் பல்லைப் பார்க்கச் சொல்கிறார். காற்று பீச்சும் குழாயை அவள் உள்ளங்கையில் வைத்து 'ஃபூ' என்று அடிக்கிறார். எச்சிலை உறிஞ்சும் குழாய் 'ஸ்ட்ரா'. சுழலும் கருவி 'விசில் அடிக்கும் பிரஷ்'. எக்ஸ்ரே என்பது பல்லுக்கு போட்டோ. மரத்துப்போகும் மருந்து 'பல்லைத் தூங்க வைக்கும் தண்ணீர்'.

இது ஏமாற்று வேலை அல்ல. நான்கு வயதுக்கு உரிய மொழிபெயர்ப்பு. வலிக்குமா என்று குழந்தை நேராகக் கேட்டால் வலிக்காது என்று அடித்துச் சொல்லக்கூடாது. எறும்பு கடித்தது போலக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், நான் ஐந்து வரை எண்ணுவேன், அப்புறம் போய்விடும் என்று சொல்வதே சரி. கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று டாக்டர் சொன்னால், கை தூக்கும்போது நிறுத்தியாக வேண்டும். முதல் தடவை குழந்தை சும்மா சோதித்துப் பார்க்கவே கையைத் தூக்கும். டாக்டர் நிறுத்தினால் பிறகு பெரும்பாலும் தூக்காது.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாற்காலியே வேண்டாம். தாயும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்துகொள்கிறார்கள். குழந்தை தாயைப் பார்த்தபடி மடியில் அமர்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து டாக்டர் மடியில் தலைவைக்கிறது. அழலாம். அழும்போது வாய் நன்றாகத் திறந்திருக்கிறது என்பதால் டாக்டருக்கு அதில் ஆட்சேபமில்லை. அழுகையைப் பார்த்துப் பதறுவது பெற்றோர்தான். இந்த வயதில் அழுகை இயல்பு.

வாயைக் கையால் பொத்தி அழுகையை அடக்கும் பழைய முறையை அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாதெமி 2006-இல் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கியது. நாலு பேர் பிடித்து அழுத்தி வேலையை முடிப்பது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. வேலை முடியும். ஆனால் அந்தக் குழந்தை இருபது வயதிலும் முப்பது வயதிலும் பல் டாக்டரிடம் போகாது, தாங்க முடியாத வலி வரும் வரை.

பெற்றோர் செய்யக்கூடியவை சில. முதல் விஜயம் வலிக்காக இருக்கக்கூடாது; முதல் பிறந்த நாளை ஒட்டி, பல்லை எண்ணிப் பார்க்க மட்டும் ஒருமுறை போய்விட்டு வரலாம். சந்திப்பைக் காலையில், குழந்தை தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனதும் பேசுவது ஒருவராக இருக்கட்டும். டாக்டர் ஒன்று சொல்ல, அம்மா ஒன்று சொல்ல, கதவருகே நின்று பாட்டி ஒன்று சொன்னால் குழந்தை யாரைக் கேட்கும்? அழாமல் இருந்தால் சாக்லெட் வாங்கித் தருகிறேன் என்று லஞ்சம் பேசுவதில் உள்ள வேடிக்கையை விளக்கத் தேவையில்லை.

வீட்டில் வலி வந்தால் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து டாக்டரைப் பார்ப்பதே வழி. கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றுவதும் மாத்திரையைப் பொடித்துப் பல்லில் வைப்பதும் சதையைப் புண்ணாக்கும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும். கண் மூடும் அளவுக்கு வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ அவசரப் பிரிவுக்கு.

கறுப்பு மருந்தும் வெள்ளிக் கிரீடமும்

சொத்தை என்றாலே ட்ரில் என்ற காலம் மாறிவிட்டது. ஜப்பானில் உருவான சில்வர் டைஅமின் ஃப்ளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் ஒரு துளி தடவினால் பல சமயம் அது மேலே பரவாமல் நின்றுவிடுகிறது. ஊசி இல்லை, சத்தம் இல்லை. ஒரே குறை, தடவிய சொத்தை கறுத்துப்போகும். முன்பல் என்றால் பெற்றோர் தயங்குவார்கள், குறிப்பாகப் பெண் குழந்தை என்றால். விழப்போகிற பல்தானே என்று இந்த இடத்தில் மட்டும் யாரும் சொல்வதில்லை!

கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்து, 'கிளாஸ் அயனோமர்' சிமென்ட்டால் அடைக்கும் முறை 1980களில் மின்சாரம் இல்லாத தான்ஸானியாவில் பிறந்தது. நம் கிராமத்து முகாம்களுக்கும் பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃப்ளோரைடு பற்பசை, இந்தச் சில்வர் மருந்து, இந்த சிமென்ட் மூன்றையும் சேர்த்தது.

சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு. அதன் மேல் எஃகுக் கிரீடம் மாட்டுகிறார்கள். நரம்பு கெடாத கடைவாய்ப் பல்லில் துளைக்காமலே, சொத்தையை உள்ளே வைத்துக் கிரீடத்தை அழுத்திப் பொருத்தும் முறையை ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் டாக்டர் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உணவு கிடைக்காத பாக்டீரியாக்கள் உள்ளேயே அடங்கிவிடுகின்றன. வெள்ளிப்பல் கிடைத்த குழந்தை பெரும்பாலும் அதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரியும். மிகச் சிறிய குழந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு பல் கெட்டிருந்தால் முழு மயக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கிறார்கள். அதற்கு மயக்க மருந்து நிபுணரும் அறுவை அரங்கமும் உள்ள மருத்துவமனை வேண்டும்.

வெறும் ஆன்டிபயாடிக் இதில் எதற்கும் மாற்றில்லை. வீக்கம் வடியும், காரணம் பல்லுக்குள்ளேயே இருக்கும்.

டாக்டர்கள் உண்டு, ஆனால்...

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது தொடங்கினார். அதற்கான பணம் அவர் நடத்திய சோடாக் கடையின் வருமானத்திலிருந்து வந்தது என்பது பல் மருத்துவ மாணவர்கள் சிரித்தபடி சொல்லும் வரலாறு. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் இருக்கும் இடம்தான் பிரச்சினை. நகரத்தில் தெருவுக்கு இரண்டு கிளினிக்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் டாக்டரைக் காண்பது அரிது.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய முப்பது குறைபாடுகளில் பல்லும் ஒன்று. 2014-15-இல் தேசிய வாய் நலத் திட்டமும் வந்தது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் ஒரு வாயைச் சில நொடிகளில் பார்த்து 'சொத்தை' என்று குறித்துவிட்டுப் போனபின், அந்தக் குழந்தையை மாவட்ட மருத்துவமனைக்கு யார் அழைத்துப்போவது? பஸ் செலவும் அரை நாள் கூலியும் யார் தருவது? 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவோருக்கானது. பல் அடைக்கும் வெளிநோயாளி வேலை அதில் வருவதில்லை.

அங்கன்வாடியில் மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பல் துலக்கினாலே பாதி வேலை முடியும். பற்பசைக்கு ஆகும் செலவு சொற்பம். இதை ஏன் செய்யவில்லை என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

தில்லி மருத்துவமனையில் சிறுமியின் முறை முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது. பல்லைத் தூங்கவைத்து, மேலே திறந்து, சீழை வடியவிட்டிருக்கிறார்கள். ஒருமுறை அழுதாள், இருமுறை கையைத் தூக்கினாள். வீக்கம் வடிந்த பின் பல்லைக் காப்பாற்றுவதா எடுப்பதா என்று முடிவெடுக்க அடுத்த வாரம் வரவேண்டும். இன்னும் மூன்று பற்களில் சொத்தை. அவற்றுக்கு ஊசி தேவைப்படாது. மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வாள், இரண்டு மூன்று மணி நேரம் கவனம் என்று தாயிடம் இருமுறை சொல்லி அனுப்புகிறார் டாக்டர். தந்தை அடுத்த தேதி எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். அன்றும் அரை நாள் கூலி போகும்.

கையுறையை ஊதிக் கண்ணும் மூக்கும் வரைந்த பலூன் அவள் கையில். வாசலில் பஞ்சுமிட்டாய்க்காரர் மணியை ஆட்டுகிறார். சிறுமி திரும்பிப் பார்க்கவில்லை. தன் உதடு எங்கே போயிற்று என்று விரலால் தடவிப் பார்ப்பதிலேயே அவளுக்குக் கவனம். தம்பியை இடுப்பில் சுமந்தபடி தாய் அந்த விரலை எடுத்து எடுத்து விடுகிறாள்.